சலாவுதீன் தைத்த உறை

சலாவுதீன் தாராவியில் டிபன் பை தைப்பவர். வீடு ஒரு கல்லியில், அதாவது சந்தில்; கார்கானா என்னும் தையல் பட்டறை அடுத்த கல்லியில். நடுவே நாலைந்து சுவர்கள்தான். மனைவி ஷரீஃபுன்னிசா பக்கவாதத்தில் விழுந்து, வலது பக்கமும் பேச்சும் போனபின் அந்தச் சுவர்களே பெருந்தூரம் ஆகிவிட்டன. அவளால் கூப்பிட முடியாது. அவர் தைக்காமல் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது.

கோபர்கைரனேயில் குடியிருக்கும் மகள் ஆஸியா எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். போன் உம்மாவின் கைக்கு அடங்கவில்லை என்று கண்டு, தீப்பெட்டி அளவில் இரண்டு போர்டுகளைக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ரேடியோ. ஒன்று உம்மாவின் இடது கையருகே, பெரிய பொத்தானோடு. மற்றது வாப்பாவின் தையல் மெஷினுக்கு மேலே, பஸ்ஸரோடு. இங்கே அழுத்தினால் அங்கே கத்தும். சலாவுதீன் கத்தரியைப் போட்டுவிட்டு ஓடுவார்.

மழை பிடித்தது. கூரை ஒழுகிக் கட்டிலருகே சொட்டியது. சலாவுதீன் போர்டுக்கு ஓர் உறை தைத்தார். பொத்தான் மட்டும் வெளியே தெரியும். ஓரமெல்லாம் இரட்டைத் தையல். தைத்ததை இரண்டு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை முழுக்க பஸ்ஸர் வாய் திறக்கவில்லை.

"என்ன பாய், மதினி இன்னைக்கு ஒங்கள மறந்துட்டாவளோ?" என்றான் பக்கத்து மெஷின் பேச்சிராஜா.

"தூங்குதா வே. நீ கண்ணு வைக்காத."

மத்தியானம் சாப்பிடப் போனார். ஷரீஃபுன்னிசா தரையில் கிடந்தாள். உடை நனைந்திருந்தது. போர்டும் அவளோடு விழுந்திருந்தது. கட்டைவிரல் இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.

தூக்கிக் கிடத்தி, துடைத்து, உடை மாற்றினார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாலையில் ஆஸியா வந்தாள். உறையின் உட்புறத்தை நகத்தால் சுரண்டினாள்.

"வாப்பா, உள்ள பளபளன்னு இது என்ன?"

"டிபன் பைக்கு உள்பக்கம் போடுற அஸ்தர் துணிம்மா. அலுமினியம் ஒட்டுனது. ஒரு சொட்டுத் தண்ணி எறங்காது."

"சிக்னலும் வெளிய போகாது வாப்பா. உம்மா அழுத்துனது பூரா இந்தப் பைக்குள்ளயே கெடந்துட்டு."

சலாவுதீன் பிளேடை எடுத்து, தான் போட்ட தையலைத் தானே பிரித்தார்.

"இது இனி வேண்டாம்மா. நான் வீட்டுலயே இருந்துக்கிடுதேன். கத்தலன்னா நல்லாருக்கான்னுல்லா நெனச்சேன்."

"அத மாத்திருதேன். கட்டில்ல உள்ளது 'இருக்கேன், இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தம் வந்து சேரலன்னா ஒங்க பஸ்ஸர் தானா கத்தும்."

"சரி. நான் கேட்டுட்டேன்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

ஆஸியா லேப்டாப்பைத் திறந்தாள். கார்கானாவில் ஒரு பதில் பொத்தானும் கட்டிலருகே ஒரு பச்சை விளக்கும் வந்தன. உறையை வெறும் ரெக்சினில் மறுபடி தைத்தார் சலாவுதீன்.

முதல் முறை பச்சை எரிந்தபோது ஷரீஃபுன்னிசாவின் முகம் சுவரிலிருந்து திரும்பியது. நீள அழுத்தினால் வரவேண்டும். லேசாகத் தட்டினால் சும்மா. சும்மாவே அதிகம் வந்தது. அவர் தையலிலிருந்து தலை தூக்காமல் பதில் பொத்தானைத் தட்டுவார்.

"கல்யாணம் ஆன புதுசுலகூட இம்புட்டுப் பேசியிருக்க மாட்டியளே பாய்!"

"அப்ப எனக்குப் பேச எங்க வே எடம்? அவல்லா பேசுவா."

போன குளிர்காலத்தில் சலாவுதீனுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

அடக்கம் முடிந்து சில நாளில் கார்கானாவில் பஸ்ஸர், சும்மா தட்டியதுபோல், லேசாக ஒலித்தது. பேச்சிராஜாவின் கை பதில் பொத்தான்வரை போய் நின்றுவிட்டது. அங்கே பச்சை எரிந்தால் அவள் யாரை நினைப்பாள் என்று பயந்தான். எழுந்து அவர்கள் வீட்டுக்கு நடந்தான். கணவனை இழந்து இத்தா என்னும் துக்கக் காலத்தில் இருக்கும் பெண்ணின் முன்னே வேற்று ஆண் போகக் கூடாது. வாசல் திரைக்கு வெளியிலேயே நின்றான்.

"மதினி, நான் பேச்சிராஜா. எனக்குக் கேட்டுது."

உள்ளே ஆஸியா உம்மாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பொத்தான்மேல் சும்மா கிடந்த அந்தக் கட்டைவிரலை அவள் விலக்கவில்லை. அது தானாக எழும்வரை காத்திருந்தாள்.