பறந்துபோகிற சரக்கு

கையை விட்டதும் ஓடிப்போகிற சரக்கை விற்றுப் பிழைப்பதுதான் கேஸ் பலூன் வியாபாரம். செய்து பார்த்தவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மலாயாவின் ஜோகூர் முழுக்கத் திருவிழா திருவிழாவாக அலைந்தேன். ஜாடியில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டுத் திராவகம் ஊற்றினால், நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் கிளம்பும். அதைப் பலூனில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொந்தியானில் ஒரு சுருட்டு

சந்தையில் ஒரு வண்டிக்காரர் வாயில் சுருட்டோடு குனிந்து பலூனைப் பார்த்தார். நான் கத்துவதற்குள் 'பப்'பென்று தீ எழும்பி அடங்கியது. பாதி மீசையைக் காணோம். அடி விழும் என்று நின்றேன். அவரோ முகத்தைத் தடவிக்கொண்டு கலங்கிப்போனார்.

"நாளைக்குக் கப்பல் ஏறுறேன் தம்பி. ஏழு வருஷங் கழிச்சு வீட்டுக்காரியப் பாக்கப் போறேன். இந்த மூஞ்சியோட போய் நின்னா நான்தான்னு எப்படி நம்புவா?"

கூலாய்த் தோட்டத்தில்

பால்மரம் வெட்டும் அஞ்சலை, மகளை நாகப்பட்டினத்தில் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவள். ஒரு சீட்டு எழுதிப் பலூனில் கட்டச் சொன்னாள். கடலைத் தாண்டாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிக் கட்டினேன், பாரம் தாங்காமல் பலூன் தரையிலேயே தவழ்ந்தது. சீட்டைக் கிழித்துக் கிழித்து, கடைசியில் 'செல்லம்மா' என்ற மகளின் பெயர் மட்டும் மிஞ்சியபோது மேலே ஏறியது.

"இது எதுல செஞ்சதுண்ணே?" என்றாள்.

"ரப்பர்தாம்மா. நீங்க வெட்டுற பாலுதான்."

பலூன் புள்ளியாகி மறையும்வரை அண்ணாந்தே நின்றாள்.

"நாங்க வெட்டுன பாலு பறக்குது. எங்களுக்குத்தான் கப்பல் வேணும்."

தம்போயில் ஒரு வாத்தியார்

யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் பொழுது சாயும் நேரத்தில் வந்து ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சூரியனிலும் நட்சத்திரங்களிலும் பெரும்பங்கு இதே வாயுதானாம். ஆனால் அங்கே அடுப்பைப்போல எரிவதில்லை. ஹைட்ரஜன் நெருங்கி வேறு பொருளாக மாறும்போதுதான் அந்த வெளிச்சம் பிறக்கிறது என்று இப்போது எண்ணுகிறார்களாம்.

அப்போதுதான் ஒரு நட்சத்திரம் தெரிந்தது. "அந்த வெளிச்சம் எப்பவோ வெளிக்கிட்டது. இப்பதான் வந்து சேருது" என்றவர், சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"அம்மா செத்த தந்தி போன கிழமை வந்தது. அவ எழுதின கடிதம் இண்டைக்குத்தான் வருது. 'நான் சுகமாய் இருக்கிறன்' எண்டு எழுதியிருக்கிறா."

ஊரையெல்லாம் அண்ணாந்து பார்க்கவைத்த நான், ஊர் திரும்பக் கப்பல் டிக்கெட் வாங்கப் போன இரண்டு தடவையும் பாதி வழியில் திரும்பி, இன்னொரு ஜாடித் திராவகம்தான் வாங்கி வந்தேன்.