துருவ நட்சத்திரத்துக்குக் கீழே

போன தை மாதம், அமாவாசையை ஒட்டிய ஒரு முன்னிரவு. தொண்டைமானாற்றுக் கடற்கரையில் கமராவோடு நின்றிருந்தேன். அந்திரொமேடா என்ற சுருள் விண்மீன் மண்டலத்தைப் படம் பிடிப்பது என் நெடுநாள் பைத்தியம். மாரி முழுக்க முகில் மறைத்து, அன்றுதான் வானம் வெளித்திருந்தது.

வானம் நகர நகரக் கமராவும் கூடவே திரும்ப வேண்டும். அதற்கு முதலில் துருவ நட்சத்திரத்துக்கு நேராகக் கருவியைப் பூட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் அது அடிவானத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும். அளவெட்டியில் என் வீட்டு வளவுப் பனைகள் அதை மறைத்துவிடும் என்றுதான் கடற்கரைக்குப் போனேன். போனால் பற்றிக்கொண்டு வந்தது. அடிவானம் முழுக்க இழுவைப் படகுகளின் வெளிச்சம், கோயில் திருவிழா மாதிரி! அதற்குள் அந்த ஒற்றை நட்சத்திரத்தைத் தேடி உயிரே போய்விட்டது.

ஒருவழியாகப் படம் எடுக்கத் தொடங்கினேன். பக்கத்தில் ஓர் ஓட்டோ வந்து நின்று, கடலைப் பார்த்து முன்விளக்கைப் போட்டது. படமெல்லாம் வெள்ளை.

"லைற்றை நூத்துங்கோ! இஞ்சை ஆள் நிக்கிறது தெரியேல்லையோ?" என்று கத்தினேன்.

இறங்கிய பெண் என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். "நூத்தமாட்டன்! ரோலர்காரர் வலையை அறுக்கிறாங்கள். என்ரை மனுசன் அதை எடுக்கக் கடலுக்குப் போயிட்டார். இந்த வெளிச்சத்தைப் பாத்துத்தான் கரைக்கு வருவார்."

நான் திட்டிக்கொண்டிருந்த அதே இழுவைப் படகுகள்! எனக்குக் கெட்டது ஒரு படம்தான். என் டோர்ச்சையும் கடலுக்கு அடித்தபடி அவளோடு நின்றேன்.

அவள் கணவர் வந்து சேர்ந்தார். கையில் வலையில் மிஞ்சிய கொஞ்சக் கயிறும் மிதவைகளும்தான் இருந்தன. என் நீண்ட லென்சைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணை, உந்தக் கமராவாலை அவங்கடை படகு நம்பரை எடுக்கேலுமோ? நம்பர் இல்லாட்டி ஆரெண்டு முறையிடுறது?"

"ஓம், எடுக்கலாம்" என்று வீறாப்பாகச் சொன்னேன். திரும்பத் திரும்ப எடுத்தேன். எல்லாவற்றிலும் வெறும் வெளிச்சத் திட்டுகள். அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

அடுத்த அமாவாசைக்கு அந்திரொமேடா படத்தில் அழகாக விழுந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இருபத்தைந்து இலட்சம் ஒளியாண்டு தூரத்தைப் பிடித்த கமராவால், கண்ணெதிரே ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடித்துவிட்டுப் போன கள்ளரின் படகு இலக்கத்தைப் பிடிக்க முடியவில்லையே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.