ஆயத்தமான கதிரை

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் வேலை செய்த தொழிற்சாலையின் கந்தோருக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தொலைபேசியில் வைத்தியசாலைத் தாதி. அந்தோனிப்பிள்ளை அண்ணையின் இதயம் நின்றுவிட்டது. அவருடைய மனைவி மேரி அக்காவும் மகளும் கொழும்பில் விமானம் ஏற இன்னும் மூன்று நாள் இருந்தது.

புலம்பெயர்ந்து வந்த இடத்தில், இஷொய் நகரில், அவரும் நானும் மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். குடும்பத்தை அழைக்கும் விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்த காலம். அந்தக் காத்திருப்பு உங்களில் பலருக்கும் தெரியும். குருநகர்க் கத்தோலிக்கரான அண்ணைக்கு ஓர்த்தடொக்ஸ் கோயில் ஒன்றைத் துப்புரவாக்கும் வேலை. ஐக்கன் என்றால் திருவுருவப் படம், ஐக்கனொஸ்தாசிஸ் என்றால் பீடத்தை மறைக்கும் படச்சுவர் என்று அங்குள்ள பாதிரியாரிடம் கேட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதுவார். மெழுகு சுரண்டப் போனவர் பேராசிரியராக வருகிறார் என்று நான் பகிடி பண்ணுவேன்.

ஒருநாள் 'ஹெத்திமாசியா' என்ற சொல்லோடு வந்தார். அந்தப் படங்களில் வரப்போகிறவருக்காக ஆயத்தமாக வைத்திருக்கும் வெறும் சிம்மாசனம். அந்தக் கிழமையே பழைய சாமான் கடையில் இரண்டு கதிரை வாங்கிக் குசினியில் சாப்பாட்டு மேசையடியில் போட்டார். நான் ஒன்றில் இருந்துவிட்டேன்.

"தம்பி, எழும்பு. அது அவைக்கு, தாய்க்கும் மகளுக்கும்," என்றார்.

சில மாதம் கழித்து முகம் கறுத்துப்போய் வந்தார்.

"நான் அரைகுறையாய் விளங்கியிருக்கிறன். அது கடைசி நாளிலை தீர்ப்புச் சொல்ல வாறவருக்காம். இவ்வளவு காலம் அவையை விட்டிட்டு இருந்த நான் என்ன பதில் சொல்லப்போறன்?"

கதிரைகளை அவர் எடுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு முதுகு காட்டித்தான் சாப்பிட்டார்.

அவர் போன அன்று பின்னேரம் நாலைந்து பேர் கூடிக் கதைத்தோம். மரணம் தெரியவந்தால் மேரி அக்காவுக்கும் மகளுக்கும் கிடைத்திருந்த அனுமதியை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தோம். "வந்து இறங்கட்டும், பிறகு சொல்லுவம்," என்று முடிவு சொன்னது நான்தான். வியாழக்கிழமை மேரி அக்கா தொலைபேசி எடுத்தார். அண்ணை வேலையில் நிற்கிறார் என்றேன். என் குரல் நடுங்கவில்லை. அதை நினைக்க இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை விமானநிலையத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குசினிக்குள் வந்துதான் சொன்னேன். மேரி அக்கா அழவில்லை. அண்ணை வாங்கிப்போட்ட கதிரைகளில் கைக்கு எட்டிய ஒன்றில் இருந்தார்.

"வியாழக்கிழமை நான் எடுக்கேக்கை அவர் உயிரோடையோ?"

"இல்லையக்கா."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. வாறதோ நிக்கிறதோ எண்டு நான் யோசிச்சிருப்பன்."



அடக்கம் முடிந்து நான் அல்பர்ட்ஸ்லுண்ட் என்ற ஊருக்கு மாறினேன். கொப்பி மகளிடம் இருக்கிறது. அன்று தான் இருந்த கதிரையை மேரி அக்கா என்னிடம் தூக்கித் தந்தார். அண்ணையின் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதில் நான் இருப்பதில்லை. அதற்கு முதுகு காட்டாமல், எதிரே இருந்துதான் இதை எழுதுகிறேன்.