டெக்கான் மெயில் ஜெயித்த ஞாயிறு

எங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சொத்துத் தகராறு கிடையாது. தகராறு செய்யும் அளவுக்குச் சொத்தும் கிடையாது. அவர்களுக்குள் இருந்த ஒரே வழக்கு, பெங்களூர் ரேஸ் கோர்ஸில் ஓடிய குறுந்தூரக் குதிரைகளில் எது உசத்தி என்பதுதான். பெரியப்பாவுக்கு டெக்கான் மெயில். அப்பாவுக்குக் காப்பர் பெல் என்ற பெண்குதிரை. டெக்கான் மெயில் ஓய்வுபெற்றுப் பண்ணைக்குப் போய்ச் சில வருஷம் கழித்துத்தான் காப்பர் பெல் ஓட வந்தது. இரண்டும் ஒரு தடவைகூட மோதியதில்லை என்பதால் தீர்ப்பு வர வழியே இல்லை. அது இருவருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

ஜோகுபாளையத்தில் எங்கள் வீடு ஒரு சந்தில், பெரியப்பா வீடு அடுத்த சந்தில். பெரியப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக், அப்பாவுக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை கறிச் சோறு செரிப்பதற்குள் பெரியப்பா எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். பந்தயம் கட்டுவதை இருவரும் எப்போதோ விட்டிருந்தார்கள். பெரியம்மா பிள்ளை தலையில் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தாள். பேச்சை நிறுத்த மட்டும் அவளால் முடியவில்லை.

ஊரே கொண்டாடும் நெடுந்தூர டெர்பி பந்தயத்தை இரண்டு பேருமே மதிக்க மாட்டார்கள்.

“அம்மாந்தூரம் ஓடுறதுக்குக் குதிரை எதுக்கு? பொடிநடையா நாமளே போய்ட்டு வந்துரலாம்” என்பார் பெரியப்பா. நல்ல குதிரை ஆயிரத்து இருநூறு மீட்டருக்குள் யாரென்று காட்டிவிட வேண்டும். இந்த மட்டில் அண்ணன் தம்பிக்குள் ஒற்றுமை. அதற்குப் பிறகு அடிதடிதான்.

“மழை பேஞ்சு சேறா கெடந்த தரையில, முதுகுல அறுபது கிலோ சொமந்துகினு ஓடுச்சுடா எங்காளு. உன் பொண்ணு பவுடர் போட்டுகினு வெயில்ல ஓடினவ.”

“கேட்டு தொறந்தப்ப கடைசியா கெளம்பினா அண்ணா. வளைவுலயே அத்தினி பேரையும் புடிச்சா. உங்காளு முன்னாடி கெளம்பினாத்தான் ஆச்சு, இல்லன்னா படுத்துக்கும்.”

நான் காப்பர் பெல் கட்சி. அதை நான் கண்ணால் கண்டதில்லை. பெண்பிள்ளையை ரேஸ் கோர்ஸுக்கு அழைத்துப் போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, பஸ்ஸில் போகும்போது மதில் சுவரைப் பார்த்ததோடு சரி. ஆனாலும் அப்பாவின் வாதமெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் எதையாவது விட்டுவிட்டால் நான் எடுத்துக் கொடுப்பேன். “வக்கீலம்மா வந்துட்டாங்கப்பா” என்று பெரியப்பா நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விடுவார்.

ஒரு முறை அப்பா விஷக் காய்ச்சலில் ஒரு வாரம் எழுந்திருக்காமல் கிடந்தார். பெரியப்பா வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காப்பர் பெல்லைத் திட்ட ஆரம்பித்தார். அதன் அம்மாவைத் திட்டினார், ஜாக்கியைத் திட்டினார். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலையணையை முதுகுக்குக் கொடுத்து எழுந்து உட்கார்ந்து பதில் பேசினார். அன்றைக்குத்தான் கஞ்சி இறங்கியது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, மழைக்காலத்தில், பெரியப்பாவுக்குச் சோறு இறங்காமல் போயிற்று. சட்டை தொளதொளவென்று ஆனது. ஊருக்கு மறுகோடியில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அல்சர் என்று சொன்னார்கள்.

பின்னால் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது அல்சர் இல்லை. வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர் ஒன்றும் செய்வதற்கில்லை என்று அப்படியே மூடித் தைத்துவிட்டார். ஓசூரில் வேலை பார்த்த பெரியப்பா மகன், என் அண்ணன், ஓடி வந்து பெரியவர்களைக் கூட்டி வைத்துக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டானாம். தன் அப்பாவுக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் மனசு விட்டுவிடுவார், மிச்சமிருக்கிற நாளாவது நிம்மதியாகப் போகட்டும் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியம்மா வராந்தாக் குழாயடியில் அழுது முடித்து, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டுதான் வார்டுக்குள் போவாள். தீபாவளிக்கு என்ன துணி எடுக்கலாம் என்று அவரிடமே யோசனை கேட்பாள். குடும்பமே சேர்ந்து அப்படி ஒரு பொய்யைக் கட்டிக் காத்தது. சின்னவர்களிடம் அல்சர் என்றே சொல்லியிருந்ததால் நானும் அதையேதான் நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

பெரியப்பா கட்டிலில் பாதியாகிக் கிடந்தார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அப்பாவைக் கண்டதும் அவர் கண்ணில் பழைய விஷமம் வந்தது. பெரியம்மா ஊட்டிக்கொண்டிருந்த கஞ்சியைக் கையால் தள்ளினார்.

“டேய், ராத்திரி தூக்கமே வரல. யோசிச்சுப் பாத்தேன். உன் காப்பர் பெல்லு, டெக்கான் மெயில் பக்கத்துல நிக்கக்கூட லாயக்கில்ல.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நானும் அப்பாவின் வாயையே பார்த்தேன்.

அப்பா போர்வைக்கு மேலாக அவர் காலைப் பிடித்துக்கொண்டார். “ஆமாண்ணா. நீ சொல்றதுதான் சரி. டெக்கான் மெயில்தான் பெரிய குதிரை.”

“இன்னா சொன்ன?”

“டெக்கான் மெயில்தாண்ணா. அந்தச் சேத்துல அப்டி ஓட வேற எந்தக் குதிரையாலயும் ஆவாது.”

இத்தனை வருஷ வழக்கில் ஜெயித்தவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பெரியப்பா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வளைவுல புடிச்சாளே. அத சொல்லுடா.”

“அன்னிக்கு ஓடின மத்த குதிரைங்க சுமாருண்ணா.”

எனக்கு வந்த கோபத்தை இப்போதும் மறக்கவில்லை. தன் அண்ணனுக்கு ஒரு சந்தோஷத்தைக் கொடுக்கலாம் என்றுதான் அப்பா அப்படிச் சொல்லியிருக்கிறார், பாவம். அது எனக்கு எங்கே தெரியும்? அவர் விட்ட இடத்தில் நான் புகுந்தேன். “இல்ல பெரியப்பா, அப்பா பொய் சொல்றாரு. அன்னிக்கு ஓடினதெல்லாம் நல்ல குதிரைங்கதான். காப்பர் பெல் கடைசியா கெளம்பித்தான் ஜெயிச்சா. உங்க டெக்கான் மெயிலால அது முடியுமா?” என்று மூச்சுவிடாமல் கேட்டேன்.

பெரியப்பா என் தலையில் கை வைத்தார். “நீயாச்சும் சண்ட போடு கண்ணு” என்றார். அப்புறம் என் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்து, “எத்தினி நாளுன்னு சொன்னாங்க?” என்று கேட்டார்.

எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். பெரியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

“சரி. வூட்டுக்குப் போலாம். இங்க வேணாம்” என்றார் பெரியப்பா, யாரையும் பார்க்காமல்.

வராந்தாவில் அண்ணன் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினான். பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்ட விஷயம் அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது.

“சித்தப்பா, அவர்கிட்ட இன்னா சொன்னீங்க?”

“குதிரையப் பத்திதான்பா பேசினேன்.”

அண்ணன் நம்பவில்லை. அவன் நம்பவில்லை என்பது கடைசிவரை அப்பாவுக்கு ஆறாத புண். பெரியப்பாவின் காரியம் முடிந்த கையோடு இரண்டு சந்துகளுக்கும் நடுவே போக்குவரத்து குறைந்துபோயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்காரப் பிடிக்காமல் நான் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் கன்னடத்தில் அதட்டியதும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். அப்பாவின் தோள் குலுங்கியது. தோற்றுப்போனதற்காக அழுகிறார் என்று நினைத்தேன். கோபம் போய்ப் பாவமாக இருந்தது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“பரவால்லப்பா. அடுத்த ஞாயித்துக்கெழம நாம ஜெயிச்சுக்கலாம்.”

அப்பா துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குதிரைக்காக ஒரு மனுஷன் இப்படியா அழுவார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.