அசோர்ட்டட் என்ற சொல்

பக்கத்து வீட்டு அக்கா, சபீனா ராத்தா, தறியில் நெய்து கொழும்புக் கடைக்கு அனுப்பிய இருபது கைலிச் சாரங்களும் நேற்றுக் காலை தபாலில் திரும்பி வந்துவிட்டன. இருபதும் நீலம்.

கடைக்காரர் இங்கிலீஷில் எழுதிய கடிதத்தில் "அசோர்ட்டட்" நிறங்களில் கேட்டிருந்தார். எங்கள் தெருவில் இங்கிலீஷ் படித்தவன் நான்தான். தரம் பிரித்து ஒரே நிறத்தில் அனுப்பச் சொல்கிறார் என்று அன்று வாசித்துச் சொன்னேன்.

நேற்றுத்தான் அகராதியைப் பார்த்தேன். பல வகையும் கலந்தது என்று போட்டிருக்கிறது.

போய்ச் சொன்னேன். ராத்தா தறியை நிறுத்தினார்.

"சந்தேகம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, தம்பி."

"ஓம் ராத்தா. தெரியா எண்டு சொல்ல வெக்கமா இருந்திச்சு."

அவர் ஏசவில்லை. பொதியை என் சைக்கிளில் கட்டிவிட்டார்.

கல்முனைச் சந்தையில் இன்று பகல் முழுக்க நின்று நான்கு விற்றேன். கால் வலிக்கிறது. நீலச் சாரம் உடுப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.