மேடைக்கு முன் கொடுப்பதில்லை

மதலைமுத்து இறந்துபோன செய்தி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு டெல்லி மோதி பாக் சமுதாயக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அன்று மாலை கைவிளக்கு சேவை மன்றத்தின் ஆண்டு விழா. மேடையில் பேனரின் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனைக்கு ஆணி தேடிக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்த ஜெயராம், கேட்டதை அப்படியே உரக்கச் சொன்னார். மன்றத் தலைவர் வெங்கடராமன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அடடா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, "அப்போ சாயங்காலம் அந்த மெஷினை யாருக்குக் குடுக்கறது?" என்று கேட்டார்.

கெட்ட மனசோடு கேட்கவில்லை. செத்தது வேறு யாராவதாக இருந்து, மதலைமுத்து அந்தக் கூடத்தில் நின்றிருந்தால், அவரும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

மன்றத்தின் மேடைப் பொறுப்பு பத்தொன்பது வருடம் அவரிடம்தான் இருந்தது. வடக்கன்குளத்துக்காரர். இருபத்திரண்டு வயதில் டெல்லிக்கு வந்து, ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதே கட்டடத்தில் இரண்டு மாடி மட்டும் ஏறி, செக்ஷன் ஆபீசராக ஓய்வுபெற்றவர். மனைவி ஹெலன் சின்ன வகுப்பு டீச்சராக இருந்தவள். மகள் ஃபாத்திமா, மாதா பெயர்தான், மஸ்கட்டில் நர்ஸ். ஆபீசில் அவர் சொல்லி எதுவும் நடந்ததில்லை. மன்றத்தில் அவர் சொல்லாமல் எதுவும் நடக்காது. குத்துவிளக்குக்குத் திரி, பொன்னாடை, முக்கிய விருந்தினருக்குச் சர்க்கரை இல்லாத காபி எல்லாம் அவர் பார்வைதான். மாதக் கூட்டத்தில் "உறுப்பினர் செய்திகள்" வாசிப்பதும் அவரே. யார் பிள்ளைக்கு ஐ.ஐ.டி. கிடைத்தது, யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு பைபாஸ் என்று எல்லாவற்றையும் ஒரே குரலில், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி வாசிப்பார். கனத்த குரல். மைக் தேவையே இல்லை என்பார்கள். ஆனாலும் அவர்தான் முதலில் போய் மைக்கைத் தட்டிப் பார்ப்பார்.

உதவி வாங்க வருகிறவர்களைத் தயார்ப்படுத்துவது அவருக்குப் பிடித்த வேலை. எந்தப் பக்கமாக ஏறவேண்டும், எங்கே நிற்கவேண்டும், பொருளை இரண்டு கையாலும் வாங்கி, தலைவரைப் பார்க்காமல் கேமராவைப் பார்க்கவேண்டும். ஒத்திகை இல்லாமல் ஒருவரையும் மேடையேற்ற மாட்டார். "நாலு பேருக்கு முன்னால வாங்குனா அது மரியாத. பின்வாசல்ல வாங்குனாத்தான் பிச்ச" என்பார். அதை மனதார நம்பவும் செய்தார்.

ஒரு வருடம், குவார்ட்டர்ஸ் வாசலில் துணி தேய்க்கும் வேலம்மாளுக்கு மன்றம் புது இஸ்திரிப் பெட்டி வாங்கியது. பழையது ஓட்டையாகிக் கரி கொட்டுகிறதே என்று மதலைமுத்துதான் இரக்கப்பட்டு முன்கூட்டியே கொடுத்துவிட்டார். விழாவுக்கு முதல்நாள் அதைத் திரும்ப வாங்கி, சாம்பல் தட்டி, துடைத்து, வண்ணத்தாள் சுற்றினார்.

"ரெண்டு மாசமா தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். இப்ப புதுசா பாக்குற மாதிரி சிரிக்கணுமாங்கய்யா?" என்று வேலம்மாள் கேட்டாள்.

"சிரிக்க வேண்டாம்மா. கண்ணு கொஞ்சம் கலங்குனா போதும்."

அவள் கண் கலங்கவில்லை. தாளைப் பிரித்தபோது அடியில் ஒட்டியிருந்த கரி, பணம் கொடுத்த சீமாட்டியின் வெள்ளைப் பட்டுச் சேலையில் கோடு போட்டது. அடுத்த செயற்குழுவில் ஒரு விதி வந்தது: உதவிப் பொருள் எதையும் மேடைக்கு முன் கொடுப்பதில்லை. முன்மொழிந்தவர் மதலைமுத்து. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.

போன வருடம் மாசிக்குப் பிறகு அவருக்குத் தொண்டை கம்மியது. பனி என்றார், புகை என்றார், மிளகுப் பால் குடித்தார். மாடியில் குடியிருக்கும் ரெபேக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனபிறகுதான் புற்று என்று தெரிந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. அந்தக் கனத்த குரல் போயே போய்விட்டது.

வேறு வீடாக இருந்தால் எழுதிக் காட்டிச் சமாளித்திருப்பார்கள். ஹெலனுக்குச் சர்க்கரையில் கண் போய் ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. அவரால் பேச முடியாது. அவளால் பார்க்க முடியாது. முனிர்க்காவில் அந்த இரண்டு அறை வீட்டில், அவர் அவளுடைய உள்ளங்கையை எடுத்து விரலால் எழுத்து எழுத்தாக எழுதுவார். 'மாத்திரை' என்று எழுதி முடிப்பதற்குள் அவள் "தெரியும், முழுங்கிட்டேன்" என்பாள். சில நேரம் எழுத்து புரியாமல் எரிந்து விழுவாள். "எழுத்தா இது? கோழி கிண்டுன மாதிரி. என் ரெண்டாம் கிளாஸ் பிள்ளைகளே இதவிட நல்லா எழுதும்!"

ஃபாத்திமா அவர் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். தமிழில் தட்டினால் ஒரு பெண் குரல் வாசிக்கும். மதலைமுத்து ஆசையாக முதல் வாக்கியத்தைத் தட்டி ஹெலனின் காதோரம் வைத்தார். "ஹெலன், நான் உன் கணவர் பேசுகிறேன்" என்றது, செய்தி வாசிக்கிற தோரணையில்.

"யாருங்க இந்தப் பொம்பள?" என்றாள் ஹெலன். "அவள வெளிய அனுப்பிட்டு நீங்க வாங்க."

தொண்டையில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று உண்டு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டார்ச் லைட் மாதிரி இருக்கும். கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் கரகரவென்று பேச்சு வரும். மெஷின் சத்தம்தான். ஆனால் வாயும் நாக்கும் அவருடையவை, வார்த்தையின் இழுப்பும் வெட்டும் அவருடையவை. ஹெலனுக்கு அது போதும். வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம். "நான் வாங்கி அனுப்புறேன்ப்பா" என்று ஃபாத்திமா செய்தி அனுப்பினாள். அதற்குள் மன்றச் செயற்குழு ஒரே குரலில் முடிவெடுத்துவிட்டது: நம் மதலைமுத்துவுக்கு நாமே வாங்கிக் கொடுப்போம். மதலைமுத்து மகளுக்குப் பதில் தட்டினார்: "வேண்டாம் மக்ளே. மன்றத்தில் தர்றாங்க. மறுத்தா மரியாதை இல்லை. ஆகஸ்டில் விழா."

ஒரு கம்பெனி பணம் கொடுத்தது. ஜூலை கடைசியில் கருவி வந்து சேர்ந்தது. வெங்கடராமன் அதைத் தம் துவாரகா ஃபிளாட்டில், அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஆகஸ்ட் விழா நடக்கவில்லை. முக்கிய விருந்தினராக வரவேண்டிய கம்பெனி அதிகாரி அமெரிக்கா போய்விட்டார். செப்டம்பரில் கூடம் கிடைக்கவில்லை. அக்டோபர் தசரா, தீபாவளி. நவம்பரில் புகைமூட்டம் வந்து ஊரே முகத்தை மூடிக்கொண்டது. மதலைமுத்து கழுத்துத் துளையின் மேல் ஈரத்துணி கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி துவாரகாவுக்குப் போனார். போனில் தட்டி வைத்திருந்ததை வெங்கடராமனிடம் காட்டினார். 'இப்போதே கொடுத்தால் உதவியாக இருக்கும். விழா அன்று திரும்பக் கொண்டுவந்து தருகிறேன். தாள் நானே சுற்றிவிடுவேன்.'

வெங்கடராமன் படித்தார். வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காபி கொண்டுவரச் சொன்னார்.

"ஓய் மதலை, எனக்கென்ன, இப்பவே எடுத்துண்டு போங்கோன்னு சொல்லிடுவேன். ஆனா அந்தக் கம்பெனிக்காரா முதல் வார்த்தையை வீடியோ எடுக்கணும்னு கேக்கறா. முதல் வார்த்தைன்னா முதல் வார்த்தையா இருக்கணுமோல்லியோ? நடிச்சா தெரிஞ்சுடும். அந்த இஸ்திரிப்பெட்டி கூத்து மறந்து போச்சா? அப்புறம் ரூல் கொண்டுவந்தது யாரு? நீங்கதானே!"

மதலைமுத்து தலையாட்டினார். நியாயம்தான் என்று பட்டது. காபியைக் குடித்துவிட்டு மறுபடி இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தார். என்ன ஆயிற்று என்று ஹெலன் கேட்டாள். அவள் கையில் 'டிசம்பர்' என்று எழுதினார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அன்று முழுக்க நீட்டவேயில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு மாதக் கூட்டம். கூட்ட முடிவில் எப்போதும் 'சிரிப்பு நேரம்' உண்டு. ஜெயராம் அதற்கு அபராத அமைச்சர். யாராவது ஒரு உறுப்பினரைப் பிடித்துக் கேலி செய்வார். மாட்டியவர் உண்டியலில் பணம் போடவேண்டும். கோபப்பட்டாலோ சிரிக்காவிட்டாலோ இரட்டிப்பு. வருகிற பணம் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்குப் போகும் என்பதால் எதற்கும் எவரும் முகம் சுளிப்பதில்லை. அதிகமாக மாட்டுகிறவர் மதலைமுத்து. அவரைச் சொன்னால் எல்லோருக்கும் சிரிப்பு வரும். அவருக்கும் வரும்.

அன்று ஜெயராம் ஒரு பேனாவை எடுத்துத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டார். "ஹ-லோ. ஹ-லோ. மைக். டெஸ்-டிங்" என்றார், மூக்கால், ரோபோ மாதிரி. கூடம் குலுங்கியது. "உறுப்-பினர். செய்-திகள். நமது. தலை-வருக்கு. நாலா-வது. முறை-யாக. மூலம்." வெங்கடராமனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மதலைமுத்துவும் சிரித்தார். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. கழுத்துத் துணி உப்பி உப்பி அடங்கியது.

ஜெயராம் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். "அர்ரே, சாப் சிரிக்கிறாரா? சத்தத்தையே காணோமே! சுனாயி நஹி தியா பாய்! டபுள் ஃபைன்!"

இன்னும் பெரிய சிரிப்பு. மதலைமுத்து எழுந்து போய் இரட்டிப்பாகவே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அதன்பிறகு ஒத்திகை. கருவிக்குப் பதிலாக ஏசி ரிமோட்டைக் கையில் கொடுத்தார்கள். வலது பக்கமாக ஏறினார், நின்றார், இரண்டு கையாலும் வாங்கினார், கேமரா இருக்கும் இடத்தைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஜெயராம் மட்டும், "சார், போட்டோல அந்த ஓட்டை தெரியாம ஒரு மஃப்ளர் கட்டிடுங்க. லேடீஸ் எல்லாம் இருப்பாங்க" என்றார். ரிமோட்டைக் கழுத்தில் வைத்துக்கொண்டு மதலைமுத்து 'அனைவருக்கும் நன்றி' என்று வாயசைத்தார். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஹெலனின் கையை எடுத்து, 'மேடையில் முதலில் உன் பேர் சொல்வேன்' என்று எழுதினார். நீளமான வாக்கியம். நடுவில் இரண்டு தடவை அழித்து எழுதவேண்டியிருந்தது.

"வேண்டாம், வேண்டாம்" என்றாள் ஹெலன். "கம்பெனிக்காரன் பேரச் சொல்லுங்க. இல்லாட்டி அதுக்கும் ஒரு பைன் போடுவான் அந்தச் சண்டாளன்." ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு விழா. காலையில் ரெபேக்கா இரவுப் பணி முடிந்து வந்தவள், ஹெலனுக்கு சுகர் பார்க்க உள்ளே நுழைந்தாள். ஹெலன் கட்டிலோரம் உட்கார்ந்து, வலது காலை எதிரே ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். எந்தச் சேலை உடுத்துவது, ஆட்டோ போதுமா, டாக்ஸி சொல்வதா என்று. ஸ்டூலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த மதலைமுத்துவின் தலை சுவரில் சாய்ந்திருந்தது. ரெபேக்கா தொட்டுப் பார்த்தாள். உடம்பு ஆறியிருந்தது.

"என்னட்டி, ஏன் பேசாம நிக்க?" என்றாள் ஹெலன். "அவரு எந்திரிச்சுப் போயிட்டாருன்னுல்லா நெனச்சேன். காலக் கீழ வையின்னு கூட எழுதாமப் போயிட்டாரேன்னு திட்டிக்கிட்டே இருக்கேன்."

பதினோரு மணிக்கு வெங்கடராமனும் ஜெயராமும் மாலையோடு வந்தார்கள். மாலை போட்டார்கள், கும்பிட்டார்கள். பிறகு ஜெயராம் ரெபேக்காவை வாசலுக்கு அழைத்து, மேடம் ஒரு அஞ்சு நிமிஷம் வந்து வாங்கிக்கொண்டால் சாரின் ஆத்மா சாந்தியடையும், கார் அனுப்புகிறோம் என்றார். ரெபேக்கா பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஹெலனின் குரல் வந்தது. கண் போனபிறகு அவளுக்குக் காது கூர்மையாகியிருந்தது.

"அந்த மெஷின் கையில இருக்கா, தம்பி?"

"கார்ல இருக்கு மேடம்."

"யாராவது கழுத்துல வச்சு ஒரு வார்த்த பேசிக் காட்டுங்க. அவரு பேசியிருந்தா எப்பிடிக் கேட்டிருக்கும்னு நான் தெரிஞ்சுக்கணும்."

ஜெயராம் வெங்கடராமனைப் பார்த்தார். வெங்கடராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பேக் பண்ணி சீல் வெச்சிருக்கும்மா" என்றார். "மேடைக்கு முன்னாடி பிரிக்கப்படாது."

விழா ஐந்தரைக்குத் தொடங்கியது. மதலைமுத்துவுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். அவருடைய பெயர் இருந்த இடத்தில் பேனரின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டு, அதே ஆபரேஷன் ஆன ஒரு ஆட்டோ டிரைவரை உத்தம் நகரிலிருந்து டாக்ஸியில் அழைத்து வந்திருந்தார்கள். ஒத்திகை இல்லாததால் அவர் இடது பக்கமாக ஏறினார். கருவியைக் கழுத்தில் வைத்து "தன்யவாத்" என்றார். மைக்கில் அது நன்றாகவே கேட்டது. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கம்பெனி அதிகாரி இரண்டாம் முறை சொல்லச் சொல்லி வீடியோ எடுத்தார்.

அந்த நேரம் முனிர்க்காவில், மகள் மஸ்கட்டிலிருந்து வந்து சேரக் காத்திருந்தார்கள். ரெபேக்கா ஹெலனுக்கு வெந்நீரில் கால் துடைத்துவிட்டாள். ஹெலனின் இடது காலில் நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது. வலது காலில் பெருவிரல் நகமும் அதற்கு அடுத்த விரல் நகமும் மட்டும் வெட்டியாகியிருந்தன. மூன்று விரல் மீதி.