வயர் பக்கம் ஐந்து சீட்டு

டியூஷனில் இருந்தபோது நம் டீம் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. திருவொற்றியூர் கேம் சென்டர் லாரன்ஸ் அண்ணன் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். அதற்குக் கீழே முதல் பதில்: "லஞ்சரன்ஸ் பூட்டாரா?" அந்தப் பெயரை வைத்தவன் நான்.

இறந்தவரைப் பற்றி நல்லதாகத்தான் எழுத வேண்டுமாம். எனக்கு அது வராது. அவரை எனக்குப் பிடிக்காது, இன்றும் பிடிக்கவில்லை. சிரிக்கவே மாட்டார். மவுஸை ஓங்கித் தட்டினால் அன்று முழுக்க நம்மை வெளியே நிறுத்துவார்.

கடையில் பத்து சிஸ்டம். இடப்பக்கம் ஐந்துக்கு வயர், பேக்கரிச் சுவரை ஒட்டிய ஐந்துக்கு வைஃபை. இரண்டும் ஒரே வேகம்தான் என்று நான் ஒருநாள் வாயடித்தேன். தன் சிஸ்டத்திலிருந்து ஒரே படத்தை இரண்டு பக்கமும் காப்பி போட்டுக் காட்டினார். வயரில் முடிந்தபோது வைஃபை பாதியைத் தாண்டவில்லை. "வயரு, ஸ்கூல் வுட்டா நேரா வூட்டுக்கு வர்ற புள்ள. வைஃபை வழியில எல்லாராண்டயும் நின்னு பேசிகினு வரும், உன்ன மாதிரி" என்றார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள்.

எர்ணாவூர் டீமோடு இறுதி ஆட்டம். ஜெயித்தால் நகரப் போட்டி. டாஸில் வென்று வயர் பக்கத்தை எடுத்தோம். எனக்கு அது போதவில்லை. பேக்கரியின் மைக்ரோவேவ் ஓவன் ஓடினால் சுவருக்கு இந்தப் பக்கம் வைஃபை திணறும் என்பதைக் கவனித்து வைத்திருந்தேன். இருபது பப்ஸ் சொல்லி, ஆட்டம் தொடங்கியதும் ஒவ்வொன்றாகச் சூடாக்கச் சொன்னேன். எர்ணாவூர்க்காரர்கள் நின்ற இடத்திலேயே உறைந்து உறைந்து செத்தார்கள்.

நீங்கள் போனபின் அண்ணன் ஒரு வைஃபை சிஸ்டத்தில் பிங் போட்டு, சிக்னல் போய்த் திரும்பும் நேரத்தைப் பார்த்தார். ஓவனைப் போடச் சொன்னார், எண் எகிறியது. அணைக்கச் சொன்னார், இறங்கியது. அதே சிஸ்டத்தில் வயரைச் செருகி மறுபடி ஓவனைப் போடச் சொன்னார், எண் அசையவில்லை. என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "பப்ஸு சூடா இருந்துச்சா, மாமு?"

மறுநாள் டாஸ் இல்லாமல் மறு ஆட்டம். அவர்களுக்கு வயர், நமக்குப் பேக்கரிச் சுவர். மாலை வியாபாரத்தில் ஓவனுக்கு ஓய்வே இல்லை. ஏன் இப்படி என்று நீங்கள் சண்டைக்குப் போனபோது, என் கடை, என் இஷ்டம் என்றார். தோற்றோம். எர்ணாவூர்க்காரர்களிடம் காசு வாங்கிவிட்டார் என்று பேசிக்கொண்டீர்கள். நான் லஞ்சரன்ஸ் என்று பெயர் வைத்துக் கொடுத்தேன். யாரோ அதை அவர் ஷட்டரில் எழுதினார்கள். அவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் எதிரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன்.

என்னால் பொறுக்க முடியாதது இதுதான். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் என்னை உதைத்திருப்பீர்கள், விஷயம் அன்றே முடிந்திருக்கும். சொல்லாமலே செத்து, சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். சொல்லிவிடுகிறேன்: அவர் யாரிடமும் காசு வாங்கவில்லை. நகரப் போட்டியைக் கெடுத்தவன் நான்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, கையில் ஈரத்துணியோடு சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த பார்வை. அதில் கோபம்கூட இல்லை. பாவி மனுஷன்.